மூன்றரை மணிக்கு விழித்திருப்பவர்கள்

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். எழுபதுகளின் கடைசியில் அங்கே கடிகாரம் இருந்த வீடுகள் குறைவு. விடிகாலை மூன்றரை மணி ஆகிவிட்டது என்பதைத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸின் ஹாரன்தான் சொல்லும். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது, சித்திக்கு ஆறு. பாதித் தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களாம். போகிற வழியெல்லாம் ஒருவர் மடியில் ஒருவர் தூங்கி, ஆபீஸ் வாசலில் இறங்கி, இருட்டும் வரை கட்டை அடுக்கிவிட்டுத் திரும்புவார்கள். “தூங்குனது பூராம் பஸ்ஸுலதான்” என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1983இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் விடிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எழுப்பப்பட்டு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்படுவதைப் பதிவு செய்தது. சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அதைக் காட்சியாகவே காட்டியது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, என் அம்மா குழந்தைத் தொழிலாளி என்ற வயதைக் கடந்து, கையில் என்னை வைத்திருந்தார்.

அந்தச் சித்தியின் கடைசி மகள் இன்று எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவள். எங்கள் தெருவில் முதல் டாக்டராகப் போகிறவள். படிப்பது எங்கள் மாவட்டத்தில் அல்ல, வெளியூரில். சென்ற மாதம் ஒரு நாள் விடிகாலை மூன்றரை மணிக்கு அவளிடமிருந்து போன். ஆய்வேட்டின் அத்தியாயம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நானும் விழித்துத்தான் இருந்தேன்.

“அண்ணே, டி.சி. வாங்கிட்டு வந்துரவா?”

நடந்தது இதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஒருவன் மருத்துவத் தம்பதியின் மகன். அவனை எழுப்பிய ஆசிரியர், “என்னப்பா, ராத்திரி டியூட்டி பாத்த மாதிரி தூங்குற?” என்று சிரித்தார். வகுப்பும் சிரித்தது, அவனும் சிரித்தான். அடுத்து இவள். “உங்களுக்கெல்லாம் சீட் கிடைச்சதே பெருசு, அதுலயும் தூக்கமா?” அப்போதும் வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து, வகுப்பில் தூங்கிவிடுவோமோ என்ற பயத்திலேயே அவளுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. இரவில் தூங்காததால் வகுப்பில் கண் சொருகுகிறது. மூன்று வாரமாக இந்தச் சுழற்சிதான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “எங்களயாச்சும் பஸ்ஸுக்காரன் வந்து எழுப்புனான். இந்தப் புள்ளய யாருய்யா எழுப்புறது?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற முயற்சி.

முதலில் மருத்துவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவதற்கு இரவுத் தூக்கம் வேண்டும். தூக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குகிறவர் இரண்டையும் இழக்கிறார். பகல்நேரத் தூக்கக் கலக்கத்தை அளப்பதற்கு 1991இல் ஆஸ்திரேலிய மருத்துவர் மரே ஜான்ஸ் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். மெல்போர்னில் அவர் பணியாற்றிய மருத்துவமனையின் பெயரால் அது எப்வொர்த் அளவுகோல் எனப்படுகிறது. எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்துவிடும் வாய்ப்புக்குப் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம். இதையும் இதைப் போன்ற பிற அளவுகோல்களையும் வைத்து இந்தியாவிலும் வெளியிலும் மருத்துவ மாணவர்களிடம் ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: உடல்நலத்தைக் கற்க வந்தவர்களில் பெரும் பகுதியினருக்குச் சரியான தூக்கமில்லை.

அந்தக் கேள்வித்தாளை நானும் நிரப்பிப் பார்த்தேன். எட்டில் இரண்டு கேள்விகள் காரைப் பற்றியவை. காரில் ஒரு மணி நேரம் பயணியாக உட்கார்ந்து போகும்போது, கார் நெரிசலில் சில நிமிடம் நிற்கும்போது. சாத்தூர் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்கியவர்களுக்கு அதில் கட்டம் இல்லை. அளவுகோலைக் குறை சொல்லவில்லை. அது அளக்க வந்ததை அளக்கிறது. தூக்கம் வருகிறதா என்று அது கேட்கும். ஏன் தூங்க முடியவில்லை என்று கேட்பது நம்முடைய வேலை.

“மருத்துவ மாணவர் எல்லோருக்கும்தானே தூக்கமில்லை, இதில் சாதி எங்கே வந்தது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் பாடங்களின் கனம் எல்லோர் தலையிலும்தான் இறங்குகிறது. எழுத்து வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் வருகைப்பதிவு எல்லோருக்கும்தான் கட்டாயம். கைப்பேசி வெளிச்சமும் காபியும்கூட எல்லோருக்கும் பொது. மருத்துவத் தம்பதியின் மகனும் அன்று உண்மையாகவே களைத்துத்தான் தூங்கியிருப்பான். அவன்மீது எனக்குக் கோபமில்லை.

ஆனால், அவரவர் சுமந்து வருகிற கடன் ஒன்றல்ல. ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, 2020-21இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 71 சதவீதத்தினர் ஒரு முறைக்கு மேல் நீட் எழுதியவர்கள். அதாவது வகுப்பறைக்குள் நுழையும் முன்பே ஓராண்டோ இரண்டாண்டோ தூக்கத்தைத் தொலைத்தவர்கள். அதில் பயிற்சி மையத்துக்குப் பக்கத்திலேயே வீடெடுத்துப் படித்தவரும் உண்டு. பகலில் அம்மாவோடு பட்டாசுத் திரி வேலை பார்த்துவிட்டு இரவில் படித்தவரும் உண்டு.

தங்கையின் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் படித்துவிடும் பக்கத்தை அவள் இரண்டரை மணி நேரம் படிக்கிறாள். முதலில் ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு, பிறகு பாடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்தவளை ஒரே வாரத்தில் ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, அந்த இடைவெளியை அவள் சொந்தச் செலவில் இட்டு நிரப்பச் சொல்கிறோம். பணம் அவளிடம் இல்லை. ஆகவே தூக்கத்தைச் செலவழிக்கிறாள். இந்தக் கணக்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் வராது. வருவதெல்லாம் “கோட்டா” என்ற முணுமுணுப்பு மட்டும்.

அதற்குமேல் ஒரு சுமை இருக்கிறது: தான் தோற்றால் தான் மட்டும் தோற்பதில்லை என்ற நினைப்பு. மருத்துவர் மகன் ஒரு தாளில் தவறினால் ஒரு மாணவன் தவறியதாகக் கணக்கு. இவள் தவறினால் இடஒதுக்கீடே தவறியதாகக் கணக்கு. தூங்குவதற்கு முதலில் ஒருவருக்குப் பாதுகாப்பு உணர்வு வேண்டும். எந்த நேரமும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியவருக்கு அது எங்கிருந்து வரும்?

தூக்கத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவை இதைவிட வெளிப்படையாகக் காட்டிய சம்பவங்கள் உண்டு. 2019 மே 22 அன்று மும்பையில் முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வி இறந்தார். தட்வி பில் பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய தாய் ஆபிதா தட்வி சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று என் மனதை விட்டு அகலுவதேயில்லை. விடுதி அறையில் உடன் தங்கியிருந்த மூத்த மாணவிகள், கழிவறைக்குப் போய்வந்து, பாயலின் மெத்தையில் கால்களைத் துடைத்தார்கள் என்பதுதான் அது. வழக்கு என்ன ஆகும் என்பது நீதிமன்றத்தின் கையில். ஆனால் அந்தக் குற்றச்சாட்டைக் கேட்ட எவருக்கும் ஒன்று புரியும். தாக்கப்பட்டது பாயலின் மதிப்பெண் அல்ல, படுக்கை. நாள் முழுக்க உழைத்த உடலைச் சாய்ப்பதற்கு இருந்த ஒரே இடம்.

அதற்கு முன்பே, 2007இல், சுகதேவ் தோரட் தலைமையிலான குழு டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் குறித்து அறிக்கை தந்தது. தொந்தரவும் அவமதிப்பும் தாங்காமல் அந்த மாணவர்கள் விடுதியின் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கிச் சேர்ந்திருப்பதை அது பதிவு செய்தது. ஊருக்குள் தெரு பிரிந்திருப்பது போல, விடுதிக்குள் மாடி பிரிந்திருந்தது. சேர்க்கைக் கலந்தாய்வோடு சமூகநீதி முடிந்துவிடுவதில்லை. எந்த அறை, யார் பக்கத்துக் கட்டில், இரவில் கதவைத் தட்டுவது யார் என்பது வரைக்கும் அது போக வேண்டும்.

இந்தத் தூக்கமின்மையின் விலையை மாணவர்கள் மட்டும் கொடுப்பதில்லை. 1997இல் ‘நேச்சர்’ இதழில் டாசனும் ரீடும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குச் சரிகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 0.03 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே வண்டியோட்டக் கூடாது என்கிறது. சாலையில் பிடித்து நிறுத்த வேண்டிய நிலையில் இருக்கிற ஒருவர் கையில் வார்டில் ஊசியைக் கொடுக்கிறோம். 2004இல் பாஸ்டனில் நடந்த ஆய்வில், நீண்ட இடைவிடாத பணிமுறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள், நேரம் குறைக்கப்பட்ட பணிமுறையைவிட 36 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது.

அந்த ஊசிக்குக் கை நீட்டுவது யார் என்றும் பாருங்கள். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதில் விருதுநகரும் ஒன்று, ஆண்டுக்கு 150 இடங்கள். எங்கள் மாவட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பட்டாசு ஆலைகளில் வெடி விபத்து நடக்கும்போதெல்லாம் கருகிய உடல்களோடு அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். 2012 முதலிப்பட்டியையும் 2021 அச்சங்குளத்தையும் நாங்கள் மறக்கவில்லை. அரசு மருத்துவமனையில் களைத்துப்போன மருத்துவரின் தவறு தனியார் மருத்துவமனைக்குப் போக வசதியுள்ளவரைத் தொடாது. அது மருந்து உரைத்த கையோடு வருகிற எங்கள் ஆட்கள்மீதுதான் விழும். ஆகவே மருத்துவ மாணவரின் தூக்கம் நோயாளியின் உரிமையும்கூட.

விதிகள் இல்லாமல் இல்லை. 1992 ஜூன் 5 அன்றே ஒன்றிய சுகாதார அமைச்சகம், உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. 2023இல் வந்த முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள் எண்ணை எடுத்துவிட்டு, “நியாயமான” பணி நேரம், “நியாயமான” ஓய்வு என்று எழுதின. நியாயம் எது என்பதைத் துறைத்தலைவர் முடிவு செய்வார். 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, நாளுக்கு 7-8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48இல் தொடங்கியது 74இல் நிற்கிறது, அதுவும் பரிந்துரையாக. அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், 36 மணி நேரப் பணிக்கு நடுவே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுக்கப் போன பயிற்சி மருத்துவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பணியிடத்தில் தலைசாய்க்க ஒரு பாதுகாப்பான அறை இல்லை என்பதை நாடு அன்றைக்குத்தான் கவனித்தது.

இந்த இடத்தில் நம் இயக்கத்தையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

அம்பேத்கர் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தார் என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். பிறந்தநாள் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். “நீ தூங்குற நேரத்துல அடுத்தவன் படிக்கிறான்” என்று தங்கையிடம் ப்ளஸ் டூ படிக்கும்போது சொன்னவனும் நான்தான். மூன்றரை மணிக்கு அவளை எழுப்புகிறவர்களில் நானும் ஒருவன் என்பது அன்றைய போனில்தான் உறைத்தது.

அவருடைய விழிப்பைக் கொண்டாடுகிற நாம் அவர் செய்த இன்னொரு வேலையை ஏனோ சொல்வதில்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் கொண்டுவந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், 1946இல் வாரப் பணி நேரத்தை 54இலிருந்து 48ஆகக் குறைத்தது. தான் தூங்காமல் படித்த மனிதர், அதிகாரம் கைக்கு வந்ததும் மற்றவர்களின் ஓய்வுக்குச் சட்டம் எழுதினார். 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினாரே, அந்த நாளின் முழக்கத்திலும் எட்டு மணி நேர ஓய்வு இருக்கிறது. 2023இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது கொதித்தெழுந்து, மே நாளன்று அதைத் திரும்பப் பெறவைத்தவர்கள் நாம். ஆலைத் தொழிலாளிக்கு 12 மணி நேரம் அநீதி என்றால், நம் வீட்டு மருத்துவ மாணவிக்கு 18 மணி நேரம் எப்படி இலட்சியமாகும்?

என்ன செய்யலாம்? தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதலாண்டில் மொழி இணைப்பு வகுப்புகள் வேண்டும். அவை பகல் அட்டவணைக்குள் இருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் வைத்தால் அதுவும் தூக்கத்திலிருந்துதான் கழியும். பயிற்சி மருத்துவர்கள், முதுநிலை மாணவர்களின் பணி நேரத்தை மாதந்தோறும் கல்லூரிகள் வெளியிட வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் ரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவர்கள் வேலையாகிப் போனதற்குக் காரணம் நிரப்பப்படாத பணியிடங்கள். அவற்றை நிரப்பச் சொல்லிக் கேட்பது நம் கோரிக்கையில் சேர வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர் குறைதீர் பிரிவு, விடுதி அறை ஒதுக்கீட்டையும் தன் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். வகுப்பில் “கோட்டா” என்று வாய் திறக்கிற ஆசிரியர்மீது புகார் கொடுத்தால், உள்மதிப்பீட்டில் கைவைக்க மாட்டார்கள் என்ற உத்தரவாதம் வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். பகலில் தூக்கம் கண்ணைச் சுற்றுவது சோம்பல் அல்ல. ரத்தசோகையாக இருக்கலாம், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. மனச்சோர்வாக இருக்கலாம், மூச்சுத்தடையாகவும் இருக்கலாம். சோதித்துப் பாருங்கள். இரவு நெஞ்சை அடைத்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு அழையுங்கள். அழைப்பது தோல்வி அல்ல.

தங்கை டி.சி. வாங்கவில்லை. அந்த வகுப்பில் நடந்ததை எழுதி, கூடப்படிக்கிற நான்கு பேரின் கையெழுத்தோடு நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டவர்களில் அந்த மருத்துவர் மகனும் ஒருவன். பதில் இன்னும் வரவில்லை.

போன வாரம் இரண்டு நாள் விடுப்பில் ஊருக்கு வந்தாள். வந்த அன்று மாலை ஏழு மணிக்குப் படுத்தவள், மறுநாள் காலை ஒன்பது வரை எழவில்லை. விடிகாலையில் பட்டாசு ஆபீஸ் வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. அம்மா வாசலுக்குப் போய், “புள்ள தூங்குது, அடிக்காத” என்றார். டிரைவர் எங்கள் தெருப் பையன்தான். அதற்குப் பிறகு அவன் அடிக்கவில்லை.